சாதியற்றோர் இசைக்குழுவும் செங்கை மண்ணும்

தொல்காப்பியர் அகத்திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறார். நிலத்துக்கொரு பறை உண்டு என்பது உரையாசிரியர்கள் காட்டும் செய்தி. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. பறை என்பது ஒரு சாதியின் உடைமையாகவோ ஒரு சடங்கின் அடையாளமாகவோ அங்கு பேசப்படவில்லை. நிலத்தில் விளையும் பொருள்போல அதுவும் ஒன்று, அவ்வளவே.

இதனை முதலாம் ஆண்டு வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, கோவளத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்கள் ஊர் நெய்தல் நிலந்தானே? அங்கே மீன்கோட்பறை இப்போது எங்கே கேட்கிறது?” என்று வினவினார். யான் விடை கூற இயலாமல் நின்றேன். கோவளத்தை வெளியூரார் இரண்டு காரணங்களுக்காக அறிவர். ஒன்று தமீமுல் அன்சாரி தர்கா. மற்றொன்று அலைச்சறுக்கு. 2013 முதல் அங்கு அலைச்சறுக்குப் போட்டியோடு இசை விழாவும் நடத்தப்பட்டது. திரைப்படத்தைச் சாராத இளைஞர் இசைக்குழுக்கள் கடலோரத்தில் மேடையிட்டுப் பாடின. அவ்விழாவில் கித்தார் கேட்டதாகவும், பறை எப்போதேனும் கேட்டதா என்பது தமக்கு நினைவில்லை என்றும் அம்மாணவர் சொன்னார். வகுப்பு முடிந்ததும் தம் கைப்பேசியில் ஒரு பாடலை ஒலிக்கவிட்டு, “இதில் இரண்டும் இருக்கின்றன, ஐயா” என்றார். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவின் பாடல் அது. அக்குழுவின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ‘ராக்’ என்னும் இசைவடிவம் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நம்மிடையே அதனை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கும் பெரியோர் உளர். 1950களில் அமெரிக்காவில் உருப்பெற்ற இவ்வடிவத்தில் மின்கித்தாரும், தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் கித்தாரும், டிரம்ஸ் என்னும் தாளக்கருவித் தொகுதியும் இன்றியமையாதவை. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இரண்டாவதும் நான்காவதும் அழுத்தம் பெறும். கேட்போரின் கால் தானாக அசைவதற்கு அதுவே காரணம். இவ்விசையின் வேர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாடல்களிலும் தேவாலயப் பாடல்களிலும் உள்ளது. பருத்திக் காட்டில் வேலை செய்தவர்களின் குரல், பின்னர் வெள்ளையர் பாடி உலகெங்கும் விற்பனையாயிற்று. ‘ஹவுண்ட் டாக்’ என்னும் பாடலைக் கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டன் பாடிய இசைத்தட்டு 1953இல் வெளிவந்தது. அதனை எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று பலரிடம் கேட்டால் பிரெஸ்லியின் பெயரைச் சொல்வர். தார்ன்டன் பெயரை அறிந்தவர் சிலரே. பாடல் ஒருவருடையது, புகழ் மற்றொருவருடையது என்னும் இச்சிக்கலைப் பின்னர் நம் மாமல்லபுரத்தருகிலும் காண்போம்.

சென்னையில் ராக் இசை நெடுங்காலமாக ஆங்கிலத்திலேயே பாடப்பட்டு வந்தது. கல்லூரி விழாக்களும் நட்சத்திர விடுதிகளும் அதன் களங்கள். தமிழில் பாடும் குழுக்கள் தோன்றிய பின்னரே நகரத்தின் தெருவுக்கும் அவ்விசைக்கும் உறவு ஏற்பட்டது. அவற்றுள் ஒன்று ‘குரங்கன்’. அதில் பங்கு கொண்டிருந்த டென்மா என்னும் இசைக்கலைஞரைத் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அணுகினார். வடசென்னையின் கானாப் பாடகர்களையும், சொல்லிசை என்று தமிழில் வழங்கும் ‘ராப்’ பாடுவோரையும், ராக் இசைக்கருவி வாசிப்போரையும், பறையும் சட்டியும் கட்டமோளமும் அடிப்போரையும் ஒரே மேடையில் நிறுத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து குழுவை உருவாக்கின. 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் அதன் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. மேடையில் 19 பேர். அவர்களுள் பெண் ஒருவரே. இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி.

கானாவைப் பற்றியும் ஒரு சொல். துறைமுகத்தையும் ஆலைகளையும் மீன்பிடி குப்பங்களையும் நம்பி வாழ்ந்த வடசென்னை மக்கள், இறந்தோர் வீட்டில் இரவு முழுதும் விழித்திருந்து பாடிய பாட்டு அது. இறந்தவரின் புகழையும், வாழ்வின் நிலையாமையையும், ஊரின் நகைச்சுவையையும் ஒருசேரப் பாடுவர். கருவி இல்லையெனில் மேசையே தாளக்கருவியாகும். கானாவின் வேர்களைத் தேடுவோர் சித்தர் பாடல்களைச் சுட்டுவர். இராயபுரத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களையும் சேர்த்தே சுட்டுவர். மஸ்தான் சாகிபை நாம் பாடத்திட்டத்தில் சிற்றிலக்கியம் என்னும் பகுதியில் வைத்துத் தேர்வெழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அவர் பாட்டின் எதிரொலி தண்டையார்ப்பேட்டைச் சந்துகளில் வேறொரு பெயரில் உயிரோடு இருப்பது நம் ஆய்வு மாணவர்கள் கவனிக்கத் தக்கது.

இனிப் பெயருக்கு வருவோம். ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்றால் சாதியற்றோர் கூட்டு. இது ஆங்கில நாகரிகம் கருதிச் சூட்டிய பெயரன்று. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தம் மக்களைக் குறிக்க வழங்கிய ‘சாதிபேதமற்ற’ என்னும் அடைமொழியிலிருந்து எடுத்த பெயர். சென்னையில் பிறந்து, சித்த மருத்துவராய் வாழ்ந்து, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கியவர் அவர். ஒடுக்கப்பட்டோர் மீது பிறர் சுமத்திய பெயர் எதனையும் ஏற்கலாகாது. அவர்கள் ஆதியில் சாதியே அறியாத பௌத்தத் தமிழர். அரசின் மக்கட்கணக்கில் சாதிபேதமற்றோர் என்றே பதிய வேண்டும் என்பது அவர் கொள்கை. இழிவாக வழங்கும் பெயரை ஏற்றுக்கொண்டு உரிமை கேட்பது இழிவை ஒப்புக்கொள்வதாகும் என்று அவர் கருதினார்.

இதற்கு நேர்மாறான கருத்துடையவர் ஒருவர் அவர் குடும்பத்திலேயே இருந்தார். அவர் இரட்டைமலை சீனிவாசன், பண்டிதரின் மைத்துனர். செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். 1893இல் அவர் ஓர் இதழ் தொடங்கியபோது அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். எந்தச் சொல்லைக் கேட்டு நம்மவர் தலைகுனிகின்றனரோ அந்தச் சொல்லையே தலைநிமிர்ந்து சொன்னால்தான் அச்சம் தீரும் என்பது அவர் துணிவு. பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்து, பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் எவரையும் தடுக்கலாகாது என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தவர் அவரே. அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது தம் கோட்டின்மேல் தம் இனப்பெயரை எழுதி அணிந்து சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

மைத்துனர் இருவர், இலக்கு ஒன்று, வழி இரண்டு. ஒருவர் இழிபெயரைத் துறந்தார். மற்றவர் அதனையே கொடியாக்கினார். இவ்விரு வழிகளுக்கும் இடையிலான வழக்கு நூறாண்டாகத் தீரவில்லை. பறை என்னும் கருவியைச் சுற்றி இன்றும் அது நடைபெறுகிறது. சாவு வீட்டில் பறையடிப்பது கட்டாய ஊழியமாக இருந்த ஊர்களில், ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையை எரித்தவர்களும் உடைத்தவர்களும் உண்டு. அதே காலத்தில், ‘பறை இழிவன்று, கலை’ என்று சொல்லி அதனை மேடையேற்றியோரும் உண்டு. இரு சாராரும் ஒடுக்கப்பட்டோரின் விடுதலைக்கே உழைத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விசைக்குழுவை யான் பொருட்படுத்திக் கற்பதற்குக் காரணம் இதுவே: அதன் பெயர் அயோத்திதாசருடையது, அதன் பறை இரட்டைமலை சீனிவாசனுடையது. சாதியற்றோர் என்று அறிவித்துக்கொண்டு, சாதியின் பெயரால் இழிக்கப்பட்ட கருவியை முன்வரிசையில் நிறுத்துவது முரண்பாடல்லவா என்று கேட்கலாம். முரண்பாடுதான். ஆயின் அம்முரண்பாட்டை நீக்காமல் அப்படியே மேடையில் வைத்துப் பாடியதில்தான் அக்குழுவின் வலிமை இருந்தது என்பது என் துணிபு. முதல் நிகழ்ச்சியில் அவர்கள் கோட்டும் சூட்டும் அணிந்து வந்து நின்றனர். கானாப் பாடகருக்குக் கோட்டு எதற்கு என்று சிலர் நகைத்திருக்கக்கூடும். அம்பேத்கர் சிலைகளின் கோட்டையும் கோழியாளத்துப் பெரியவரின் கோட்டையும் நினைவில் வைத்திருப்போர் நகைக்க மாட்டார்.

செங்கை மண்ணுக்கும் இப்பெயருக்கும் வேறு தொடர்புகளும் உள. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடியது. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையேற்றார். பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டத்தை ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். இன்று தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்ட அளவில் அவர் சாதி தெரியாமலிருப்பது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. பிற மாநிலத்தார்க்கு அது வியப்பு. அவ்வியல்பின் தொடக்கங்களுள் ஒன்று நம் மாவட்டத் தலைநகரில் நிகழ்ந்தது என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

அதற்கும் முன்பு, 1891இல், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். உழுபவர்க்கு நிலமில்லை; குடியிருக்கும் மனைகூட அவர்க்குச் சொந்தமில்லை என்பது அதன் சாரம். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையின்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அந்நிலங்களிற் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்குப் போயிற்று. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994இல் செங்கற்பட்டுக்கு அருகே காரணை என்னும் ஊர் தொடர்பாக இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். நிலம் என்னும் இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துக. பாடலொன்றில் அது மீண்டும் வரும்.

குழுவினர் எவற்றைப் பாடினர்? இட ஒதுக்கீட்டைப் பற்றிக் ‘கோட்டா’ என்னும் பாடல்; வாழ்விடம் பற்றி ‘வடசென்னை’; அம்பேத்கரைப் போற்றி ‘ஜெய் பீம் ஆந்தம்’; உணவில் மாட்டிறைச்சி விலக்கப்படுவதை எதிர்த்து ஒரு பாடல். மலக்குழியில் இறங்கி மாண்டோரையும் சாதி மறுத்து மணந்து கொல்லப்பட்டோரையும் பாடினர். இவை செய்தித்தாளின் தலையங்கத்துக்குரிய பொருள்கள். அவற்றைக் கானாவின் கிண்டலோடு பாடும்போது, மேடைப்பேச்சில் கிட்டாத ஒரு பயன் கிட்டுகிறது. கேட்பவர் முதலில் சிரிக்கிறார். பின்னரே எதற்குச் சிரித்தோம் என்று எண்ணுகிறார். எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தன என்று சொல்வதற்கில்லை. சிலவற்றில் கருத்து முன்னே ஓட, பாட்டு மூச்சிரைத்துப் பின்னே வருகிறது. இசைவாணியின் குரலில் அமைந்தவற்றில் அக்குறை இல்லை. ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் முன்னின்று பாடியது தனி நிகழ்வாகும். 2020இல் பி.பி.சி. நிறுவனம் உலகெங்கிலுமிருந்து தேர்ந்த 100 பெண்களின் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது. சபரிமலைத் தீர்ப்பை ஒட்டி அவர் பாடிய பழைய பாடலொன்றின் மீது 2024 நவம்பரில் காவல் துறையிடம் புகார்கள் அளிக்கப்பட்டன. புகழும் புகாரும் ஒரே குரலுக்கு வந்து சேர்ந்தன.

கருவிகளின் பொருத்தம் இசையறிந்தோர் ஆராய வேண்டியது. எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். பறையின் சட்டம் மரம். அதன்மேல் இழுத்துக் கட்டுவது தோல். ஒரு கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி. மறுகையில் மெலிந்து நீண்ட சிம்புக்குச்சி. அடிக்குச்சி தாளத்தின் உடலைத் தருகிறது. சிம்புக்குச்சி இடைவெளிகளை நிரப்புகிறது. டிரம்ஸ் வாசிப்பவர் காலால் மிதித்து எழுப்பும் பெருமுழக்கமும் கையால் எழுப்பும் கூர்மையான ஓசையும் இவ்விரண்டுக்கும் ஈடாக நிற்கின்றன. ஆதலால் பறையும் டிரம்ஸும் ஒன்றை ஒன்று விழுங்காமல் சேர்ந்து ஒலிக்க வழியுண்டு. இடர் வேறிடத்தில் உள்ளது. கித்தாரை முடுக்காணி திருகிச் சுருதி சேர்க்கலாம். பறையை நெருப்பில் காய்ச்சியே சேர்க்க வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளரும், ஒலி மங்கும். மின்விளக்கும் கம்பிகளும் நிறைந்த மேடையில் வைக்கோல் தீ மூட்டுவது எளிதன்று. அதனால் இப்போது பலர் தோலுக்கு மாற்றாகச் செயற்கைத் தகட்டைக் கட்டுகின்றனர். வசதிதான், ஆனால் காய்ந்த தோலின் அதிர்வு அதில் இல்லை.

‘சுயாதீன இசை’ என்று இக்குழுக்களைக் குறிப்பது வழக்கம். எதனைச் சாராமல் சுயாதீனம்? தமிழ்நாட்டில் அதற்குத் திரைப்படத்தைச் சாராமை என்றே பொருள். இது முற்றிலும் புதிய செய்தியன்று. நாகூர் இ. எம். ஹனிபா தம் வாழ்நாளில் பெரும்பாலும் திரைக்கு வெளியே பாடியவர். இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் விழா மேடைகளிலும் அவர் குரல் வளர்ந்தது. எந்தக் கதாநாயகனின் உதடும் அதற்குத் தேவைப்படவில்லை. அவரைச் சுயாதீன இசையின் முன்னோடி என்று எவரும் எழுதக் காணோம். எழுதினால் தவறில்லை.

காஸ்ட்லெஸ் கலெக்டிவைத் தோற்றுவித்தவரே திரைப்பட இயக்குநர் ஆயிற்றே, பின் சுயாதீனம் ஏது என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. கதைச்சூழலுக்கேற்பப் பாட்டெழுதும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எதைப் பாடுவது என்பதைப் பாடுவோரே முடிவு செய்தனர் என்ற அளவில் அச்சொல் பொருந்தும். பொருளாதார நிலையில் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. 19 பேர் கொண்ட குழு ஓர் ஊருக்குச் சென்று பாடுவதெனில் பயணம், உணவு, தங்குமிடம், ஒலியமைப்பு எல்லாம் பெருஞ்செலவு. நால்வர் குழுவுக்குக் கிடைக்கும் ஊதியத்தை 19 ஆகப் பகுத்தால் ஒருவர்க்கு என்ன மிஞ்சும்? திறமையுள்ள இளைஞர்கள் தனித்தனியே திரைப்படத்தை நோக்கிச் சென்றதில் வியப்பில்லை. டென்மா 2019இல் வந்த ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ படத்துக்கும் 2022இல் வந்த ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்துக்கும் இசையமைத்தார். கானா முத்துவும் இசைவாணியும் 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’யில் பாடினர். நீலம் பண்பாட்டு மையம் 2020 திசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவைத் தொடங்கியது. மார்கழி என்றால் சபா, சபா என்றால் கருநாடக இசை என்றிருந்த சென்னையில், அதே மாதத்தைக் கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் உரியதாக்கியது அவ்விழா.

இவர்களுள் மிகுதியாக அறியப்பட்டவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. குழுவில் சொல்லிசை பாடியவர். ‘காலா’ படத்துக்குப் பாடல் எழுதியவர். 2019இல் ‘தெருக்குரல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டவர். 2021 மார்ச்சில் ‘மாஜா’ என்னும் இசை நிறுவனத்தின் வழியே ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. அறிவும் பாடகி தீயும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பாளர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அறிவு அதில் கருவாகக் கொண்டார். காட்டைத் திருத்திக் கழனியாக்கியும் நிலமற்றவராகவே நின்ற முன்னோரைப் பற்றிய பாட்டு அது. டிரமென்கீர் அறிக்கையில் ஆட்சியர் மொழியில் உள்ளது, இங்கே பேரனின் மொழியில் உள்ளது. பல கோடி முறை அது கேட்கப்பட்டது. ஒப்பாரியின் சாயலும் நடனத் தாளமும் ஒன்றாய்க் கலந்த அதனை, அது எதைப் பற்றியது என்று அறியாமலே திருமண வீடுகளில் ஆடியவர்கள் பலர்.

பிறகு வந்தது பெயர்ச் சிக்கல். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, அப்பாடலையும் குறிப்பிட்டு வெளியிட்ட அட்டைப்படத்தில் அறிவு இல்லை. பா. இரஞ்சித் முதலானோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் அறிவின் படத்தோடு இணைய அட்டை ஒன்றை அவ்விதழ் வெளியிட்டது. மறு ஆண்டு, 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நம் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. பூஞ்சேரி அருகே உலகின் பல நாட்டு ஆட்டக்காரர்கள் கூடியதும், கிழக்குக் கடற்கரைச் சாலையெங்கும் வேட்டி கட்டிய குதிரைப் பொம்மை நின்றதும் நம் மாணவர்கள் கண்ணாற் கண்டவை. அதன் தொடக்க விழா 2022 சூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நிகழ்ந்தது. அங்கே ‘என்ஜாய் எஞ்சாமி’யைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு அப்போது அயல்நாட்டில் இருந்தார். அப்பாடலைத் தாமே உருவாக்கி, எழுதி, பாடியதாகவும், எவரும் தமக்கு மெட்டுத் தரவில்லை என்றும் அவர் பொதுவெளியில் எழுதினார். மெட்டும் இசையும் கூட்டு உழைப்பில் விளைந்தவை என்றும் வருவாய் மூவர்க்கும் சமப்பங்கு என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கம் அளித்தார். 2024இல் அவரே, அப்பாடலிலிருந்து தமக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். திரைப்படத்தைச் சாராமலிருந்தும் பாட்டின் பயன் பாடியவரைச் சேரவில்லை எனில், சுயாதீனம் என்னும் சொல்லின் பொருளை இன்னும் நுணுகிக் காண வேண்டியிருக்கிறது.

பாடலுக்கு உரியவர் யார் என்பதில் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. பழம்பாடல்களின் ஆசிரியர் பெயர் தெரியாதபோது பாட்டில் வரும் உவமையையே பெயராக்கிச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று எழுதிவைத்த மரபு நம்முடையது. பெயர் தெரியாதவர்க்கும் பெயர் தந்தவர்கள் தொகுத்த நூலை நாம் பாடமாகப் படிக்கிறோம். அம்மரபுடையோர், பெயர் தெரிந்தவரின் பெயர் விடுபடும்போது வருந்துவது இயல்பே. அறிவு பின்னர் ‘அம்பாசா’ என்னும் தம் குழுவோடு இயங்கி, 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். தலைப்பிலேயே பாட்டியின் பெயரை வைத்துவிட்டார். இனி அதனை எவரும் விட்டுவிட முடியாது.

இக்கட்டுரைக்குத் தரவு திரட்டிவந்த நாள்களில், முத்தமிழ் விழாவில் பறையும் கித்தாரும் சேர்ந்த நிகழ்ச்சி ஒன்று வேண்டும் என்று கோவளத்து மாணவரும் நண்பரும் கேட்டனர். பெரியவர் ஒருவர், “சாவுக்கு அடிப்பதல்லவா? விழா மேடைக்கு எதற்குத் தம்பி?” என்றார். அவர் வெறுப்பினால் சொன்னாரல்லர். அவர் கேட்டறிந்த இடம் அது ஒன்றே. தொல்காப்பியத்தையும் மீன்கோட்பறையையும் எடுத்துச் சொன்னதும் சற்று நேரத்தில் இசைந்துவிட்டார்.

இசையாதவர் வேறொருவர். பறையடித்தலைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்திலிருந்து வந்து, எம் துறையில் மூன்றாமாண்டு பயிலும் மாணவர். பறையை நன்கு அறிந்தவர் அவர் ஒருவரே என்று நண்பர்கள் அவரை அழைத்தனர். “என் தாத்தா இதை அடித்தது போதும் என்றுதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். நீங்கள் அடித்தால் கலை என்பார்கள். நான் அடித்தால் என் சாதி என்பார்கள்” என்றார் அவர். அயோத்திதாசரை அவர் படித்திருக்கவில்லை. பறை கலையே என்று அதுவரை பேசிவந்த யான், அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. அவரை வற்புறுத்தவும் விடவில்லை.

விழா மாலையில் கடற்காற்று வீசியது. கித்தார் சுருதி சேர்த்தாயிற்று. வாடகைக்கு எடுத்துவந்த இரு பறைகளும் ஈரத்தில் தளர்ந்து ஒலி எழும்பாமல் கிடந்தன. மாணவர்கள் அரங்கின் பின்புறம் தென்னை ஓலையைக் கொளுத்தித் தோலைத் தீயின் மேலேயே பிடித்தனர். பார்வையாளர் வரிசையிலிருந்து அம்மூன்றாமாண்டு மாணவர் எழுந்து சென்றார். கருவியை அவர் தொடவில்லை. தீயைக் குறைக்கச் சொல்லி, எவ்வளவு தொலைவில் பிடிப்பது, எப்போது திருப்புவது, விரலால் சுண்டினால் எந்த ஓசை வரும்வரை காய்ச்சுவது என்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார்.